இடைப்பட்ட நாலு மாதம்

அப்பாவின் கட்டிலுக்கு அடியில் மூன்றாவது ஐஸ் பாளத்தைத் தள்ளிவிட்டு, சித்ரலேகா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். உருகிய தண்ணீர் வாசல்வரை ஓடி, வந்தவர்கள் மிதித்து அறையெல்லாம் சேறாகியிருந்தது. விடியற்காலையில் போன உயிர். பங்குனி வெயிலில் பதினொரு மணிக்கே முகம் உப்பத் தொடங்கியிருந்தது.

குளிர்ப்பெட்டி அதே தெருவில், காலனிச் சங்கத்தின் அறைக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி தலைவர் கோமதிசங்கரிடம். அவர் திசையன்விளையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். தான் வந்துதான் திறக்க வேண்டும், யாரும் பூட்டைத் தொடக் கூடாது என்று ஃபோனில் சொல்லிவிட்டார்.

மார்கழித் தேர்தலில் சித்ரலேகாவின் அப்பாவிடம் அவர் தோற்றிருந்தார். ஆனால் சங்க விதிப்படி புதிய தலைவர் பொறுப்பேற்பது சித்திரை ஒன்றாம் தேதிதான். அதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திய அப்பா ஐயம்பெருமாள், தை மாதக் கூட்டத்தில் இந்த விதியை மாற்றச் சொல்லி ஒரு தாள் வாசித்தார். அமெரிக்காவில் நவம்பரில் ஜெயித்தவர் மார்ச் நான்கு வரை காத்திருந்த காலம் உண்டு. 1933இல் வங்கிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. நாற்காலியில் இருந்தவரால் ஒன்றும் ஆகவில்லை, ஜெயித்தவருக்கோ அதிகாரமில்லை. இடையில் ஒருவன் ஜெயித்தவரைச் சுட்டும் பார்த்தான். பதவியேற்கும் நாளை முன்னால் கொண்டுவரும் சட்டத் திருத்தம் அந்த ஜனவரியிலேயே நிறைவேறியும் அவருக்கு அது உதவவில்லை. புதிய தேதி அடுத்த முறைக்குத்தான். இவ்வளவையும் சொல்லி, அந்தத் திருத்தத்தைப் பார்த்தே அப்பா இரண்டு வரி எழுதியிருந்தார். பதினைந்து நாளில் பொறுப்பு மாற வேண்டும். பொறுப்பேற்கும் முன் தலைவர் இறந்தால் துணைத்தலைவர் ஏற்க வேண்டும்.

"சார்வாள் அதுக்குள்ள போயிருவீரோ?" என்று கோமதிசங்கர் கேட்க, சபை சிரித்தது. அப்பாவும் சிரித்தார். தாளைச் சித்திரைக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஒரு மணிக்குக் கோமதிசங்கர் வந்தார். வாயில் கல்யாண வெற்றிலை. கையில் பெரிய ரோஜா மாலை, அதன் குறுக்கே ‘தலைவர் கோமதிசங்கர்’ என்று பொன்னெழுத்து நாடா. மாலையை அப்பாவின் நெஞ்சில் வைத்து, நாடாவை எல்லோருக்கும் தெரியும்படி நேராக்கினார். பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிவந்து சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் இரைந்தது.

துணைத்தலைவராக ஜெயித்திருந்த நூர்முகம்மது பைய அவர் பக்கத்தில் போனார். "சாவி எங்கிட்ட இருக்கட்டும் அண்ணாச்சி."

"அதெப்படி பாய்? ஜெயிச்சவரு போயிட்டாரு. இனி மறுதேர்தல்தான். அதுவரைக்கும் நாந்தான பாக்கணும்?"

அப்பாவின் தலைமாட்டில் நின்றுதான் சொன்னார். சொல்லும்போது வெற்றிலை எச்சில் ஒரு துளி, போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் தெறித்தது. சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

சித்ரலேகா துணியின் அந்த ஓரத்தை உள்ளே மடித்தாள்.

"தாயி, அப்பாவப் பெட்டியில மாத்திருவோமா?" என்றார் கோமதிசங்கர்.

"வேண்டாம் அண்ணாச்சி. இன்னொரு ஐஸ் வருது."

"பெட்டி சும்மால்லா ஓடுது?"

அவள் அப்பாவின் நெஞ்சிலிருந்து மாலையை எடுத்தாள். முற்றத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, நாடா மேலே தெரியும்படி உள்ளே நீளமாகக் கிடத்தி மூடினாள்.

"பூவாவது வாடாம இருக்கட்டும்" என்றாள்.

நாலு மணிக்கு அப்பாவைச் சிந்துபூந்துறை மயானத்துக்கு எடுத்துப் போனார்கள். யாரும் சுவிட்சை அணைக்கவில்லை. கண்ணாடி மூடியில் பனி பிடித்திருந்தது. அதற்கடியில் அந்தப் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.