இருமும் குவளைகள்

ஜேபஸ் டுன்னிக்ளிஃபைப் புதைத்த மறுவாரம், பர்ஸ்லெம் என்ற குயவர் ஊரில் அவன் சூளையிலிருந்து இறங்கிய பீர்க் குவளைகள் எல்லாம் இருமின. இருமல் அவனுடையது, பின்னால் வந்த வசவும் அவனுடையதே. இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் அவனவன் தன் வாசலுக்கு முன்னால் தெருவையே தோண்டித்தான் களிமண் எடுப்பான். ஜேபஸ் குடித்துவிட்டு வந்து, தான் தோண்டிய குழியிலேயே விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டான். விதவை கெசையா அவனை அடக்கம் செய்துவிட்டு அதே குழியில் மண்ணெடுத்தாள். அவன் இருந்தபோதும் மண் மிதித்தது, வனைந்தது, குவளைக்குப் பளபளப்பு ஏறச் சூளை உச்சியில் ஏறி உப்பு வீசியது எல்லாம் அவள்தான். குடித்துப் பார்த்து, ஒழுகவில்லை என்று சொல்வது மட்டும் அவன் வேலை.

பீரை ஊற்றியதும் குவளை செருமும். "ஏய் கெசையா, உப்பு பத்தலடி! கைய என்ன கோழி கொத்திருச்சா?" ஆண்கள் உருண்டு சிரித்தார்கள். பெண்டாட்டியைத் திட்ட இனி வாய் வலிக்க வேண்டாமே! வாங்க வந்த வண்டிகள் லிவர்பூல் வரை வரிசையில் நின்றன.

கொழுந்தன் ஏனோக்குக்கு மூக்கு வியர்த்தது. "பொம்பள தொட்டா சூளை அணைஞ்சிரும் அண்ணி. அண்ணன் தொழில் எனக்குத்தான். நீங்க கெளம்புங்க."

"அணையலியே. வேணும்னா உள்ள எறங்கிப் பாத்துட்டு வாங்க."

ஊர் வழக்குகளைத் தீர்ப்பவர் பண்ணையாரின் காரியஸ்தர்; விசாரணை வழக்கம்போல பீர்க்கடையில் நடந்தது. தொழில் தன்னுடையது, குவளை அடியில் தன் பெயர் பதிய வேண்டும் என்றாள் கெசையா. கைப்பிடியில் பதிந்திருந்த தன் கட்டைவிரல் ரேகையையும் காட்டினாள். காரியஸ்தர் ரேகையைப் பார்க்கவில்லை. குவளையில் பீரை ஊற்றி, "யாருப்பா ஒன்னச் செஞ்சது?" என்று கேட்டார்.

குவளை இருமியது. "நாந்தான்! ஏனோக்குக்கு ஓட்டாஞ்சில்லுகூடக் கெடையாது. கெசையா, என்னடி பராக்கு? போய் மண்ண மிதி."

காரியஸ்தர் தீர்ப்புச் சொன்னார்: "பேசுறவன் செத்தவன் ஆக மாட்டான். அதனால தம்பிக்கு ஒண்ணுமில்ல. நீயும் விதவை இல்லம்மா. புருஷன் சொத்து புருஷனுக்கே. நீ கூடமாட ஒத்தாசையா இரு."

கெசையா விதவைக்கென்று போட்டிருந்த கறுப்புத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மண் மிதிக்கப் போனாள்.

முப்பது ஆண்டு மிதித்தாள். ஒரே ஒருமுறை, கொல்லைப்புற மண்ணில் ஒரு குவளை வனைந்து, அடியில் தன் பெயரைக் கீறிச் சுட்டாள். சந்தைதோறும் அதைத்தான் வண்டியின் முன்னால் வைத்தாள். வந்தவர்கள் பீர் ஊற்றிக் காதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது பேசவில்லை. பழுதான சரக்கு என்று திருப்பி வைத்துவிட்டு, இருமுகிற குவளையாகப் பார்த்து வாங்கிப் போனார்கள்.