இடது கை மேளக்காரர்கள்

வண்டி உதிரிபாகம் என்றால் பாதியை ஸ்கேன் எடுத்தால் போதும். மறுபாதியைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டுவிடலாம். மிரர் போடுவது என்போம். ஓசூரில் எட்டு வருஷம் இதுதான் என் பிழைப்பு.

நாட்றாம்பாளையத்துக்கு அப்பால் ஒரு மலையூரில் பழைய கோயில் மண்டபம், விதானம் முழுக்க ஓவியம். அதை ஹெட்செட் மாட்டிப் பார்க்கிற வி.ஆரில் அப்படியே எழுப்பித் தரும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. என்னை அனுப்பினார்கள். இடப்பக்கத்து மேளக்காரர் வரிசையை முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது, கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. வலப்பக்கம் ஒரே கரி. அங்கேயும் இதேதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆபீஸ் வந்து மிரர் போட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

அடுத்த மாதமே கும்பாபிஷேகத்துக்காக ஊரார் விதானம் முழுவதும் சிமெண்ட் பூசிவிட்டார்கள். மிச்சம் இருப்பது என் மாடல் மட்டும்.

அதை வைத்து ஆறு மாதமாக ஆராய்ச்சி செய்தார், எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த வரலாற்றுப் பேராசிரியர் சரிதா மேடம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வலப்பக்கத்து மேளக்காரர்கள் ஆறு பேரும் இடது கையால் குச்சி பிடித்திருக்கிறார்களாம். அந்தக் காலத்தில் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்து கிடந்ததற்கு இது சித்திரச் சான்றாம். வெள்ளிக்கிழமை பெங்களூரில் கட்டுரை வாசிக்கிறார். நான் வாழ்த்துச் சொன்னேன். மிரர் போட்டதை மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆபீஸுக்கு வந்த மேடம், எங்கள் ஹவுஸ்கீப்பிங் மாரம்மா அந்த ஊர் என்று தெரிந்ததும் ஆசையாக ஹெட்செட்டை மாட்டிவிட்டார். மாரம்மா இடப்பக்கம் பார்த்துச் சிரித்தார். வலப்பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுவும் ஊர்க்காரங்க பக்கமாட்டம் இருக்குதுங்க மேடம். திருவிழாவுல எங்க காலனி ஆளுங்கள இந்தப் பக்கந்தான் நிக்க உடுவாங்க. மேல கெழங்கு தோண்டற எங்க பொம்பளைங்க இருப்பாங்க. ஒருத்தி முதுவுல கொழந்த."

கேமரா பார்த்ததைத்தான் காட்டும், உங்களுக்குத்தான் ஞாபகம் தப்பியிருக்கும் என்று மேடம் அன்பாகவே சொன்னார். இருக்குமுங்க என்று மாரம்மா உடனே ஒத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவங்களுக்கு ஞாபகம் தப்பல மேடம். நாந்தான் அந்தப் பக்கம் எடுக்கவே இல்ல. மிரர் போட்டுட்டேன்."

மேடம் நாளைக்கு வாசிக்க வேண்டிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிரர் என்றால் என்ன என்று மாரம்மா கேட்டார். சொன்னேன். அவர் ஹெட்செட்டைக் கழற்றி, தன் முகம் பட்ட இடத்தை யூனிஃபார்ம் நுனியால் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"அங்க சிமெண்ட்டு பூசிட்டாங்க. இங்கயும் ரெண்டு பக்கமும் ஊர்க்காரங்கதானுங்களா?"