மூன்றாவது வழி

"மூணாவதையா டிக் பண்ணினார்?"

"பச்சை மையில, சார். ரெண்டு அடிக்கோடு வேற."

அமைச்சரின் செயலாளர் கோப்பை மேசையில் விரித்து வைத்தார். பாதுகாப்பு ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். பச்சைக் கோடு அப்படியேதான் இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. எந்த அறிக்கையிலும் மூன்று வழிகள் எழுதுவார். முதலாவது சொதப்பல், மூன்றாவது கொடூரம்; நடுவில், தனக்கு வேண்டியது. ஐந்து அமைச்சர்கள் ஏதோ தாங்களே மண்டையை உடைத்துக் கண்டுபிடித்ததுபோல நடுவில் இருப்பதையே எடுத்தார்கள். பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆறாமவருக்கு நடு என்றாலே ஆகாது போலிருக்கிறது.

இந்த அறிக்கை மலை முகாமைப் பற்றியது. முதல் வழி, எதிரியோடு பேசிப் பார்ப்பது. இரண்டாவது, முகாமில் இருக்கும் நாற்பது வீரர்களை இன்றே கீழே இறக்குவது. மூன்றாவது, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கேயே விட்டுவிட்டு, எதிரி அவர்களைத் தாக்கும் நேரத்தில் வேறொரு படையை அனுப்பி அவனைப் பின்பக்கமாக வளைப்பது. 'இழப்பு: முழுமை' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார், படிப்பவர் மிரளட்டும் என்று.

அந்த நாற்பதில் ஒருவன் அவருடைய தங்கை மகன்.

"அது சும்மா ஒப்புக்கு எழுதினதுய்யா."

"அப்ப அதையே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாலு மணிக்குள்ளன்னா உத்தரவை நிறுத்திடலாம்." செயலாளர் சிரித்தார். "இத்தனை வருஷமா இப்படித்தான் எழுதினீங்களான்னு கேப்பாங்க, அது வேற கதை. அமைச்சர் என்னடான்னா, 'நெஞ்சுல ஈரமே இல்லாம யோசிக்கிற ஆளு இவர்தான்'னு உங்களையே பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவராப் போடச் சொல்லிட்டார்."

ஆலோசகர் பேனா மூடியைத் திறந்தார். பேனா முனையைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"கொண்டு போங்க."

செயலாளர் போய் இரண்டு நிமிடம் ஆகவில்லை, தொலைபேசி அடித்தது. தங்கை.

"அண்ணே, மீட்டிங்கா? ஒரு நிமிஷம்தான். பையன் காலைல பேசினான். மேல என்னமோ நடமாட்டம் தெரியுதாம், பசங்கல்லாம் பயந்து கிடக்காங்களாம். இவன் மட்டும், 'எங்க தாய்மாமன் அங்க உக்காந்திருக்காரு, நம்மள அப்படியே விட்டுருவாரா'ன்னு தைரியம் சொல்றானாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, போ."

ஜன்னலுக்கு வெளியே, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செயலாளர் முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லாத நடை.

"அண்ணே? உங்கிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல. அவங்கள எப்போ கீழ எறக்குவாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்றியா?"