பைஃபோகலும் பன்னிரண்டாவது நொடியும்

1

அறுபத்தெட்டு வயதில், ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம் பன்னிரண்டு நொடியில் சைக்கிள் பயணத்தை முடிப்பேன் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, சரியாக அந்தப் பன்னிரண்டாவது நொடியில் கோட்டைத் தொட்டேன். சூரியனுக்குக்கூட இந்த ஒழுங்கு கிடையாது.

இதை என் மச்சான் ஒப்புக்கொள்ளாததால்தான் இந்தக் கதை பிறந்தது. மனைவியின் தம்பி, ஓய்வுபெற்ற சர்வேயர். அளந்து காட்டாவிட்டால் கடல் ஈரம் என்றுகூட நம்பமாட்டான். கைப்பிரதியை முதலில் படித்தவனும் அவன்தான். அடைப்புக்குறிக்குள் வருபவை அவனுடைய பென்சில் கிறுக்கல்கள்.

[கடலை அளந்ததில்லை. மற்றபடி சரி.]

2

விடியலின் பொன்னிறக் கதிர்கள் அவருடைய நெற்றியை...

வேண்டாம். ஆனால் அந்த ‘அவர்’ இருக்கட்டும். ‘நான்’ என்று எழுதிப் புகழ்ந்தால் தற்பெருமை. ‘அவர்’ என்று எழுதினால் இலக்கியம்.

அவர் நாற்பது வருடம் மூக்குக்கண்ணாடி பொருத்தியவர். பத்து லட்சம் மூக்குகள். [எண்பதாயிரம் இருந்தால் அதிகம்.] வெயிலில் தானே கறுத்து நிழலில் தானே வெளுக்கும் வில்லை, அதன் அடியில் பைஃபோகல் என்னும் படிக்கும் பாகம்: ஓடவும் சைக்கிள் ஓட்டவும் தனக்கென்று ஒன்று செய்துகொண்டார். சட்டென்று கறுக்கும், வெளுக்கத்தான் நேரமாகும். வீட்டம்மாவின் கோபம் மாதிரி.

செய்ததில் தொழில்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று. ஆயுள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கே அளவெடுத்த கை, தனக்கும் நாற்காலியில் உட்கார்ந்தே அளவெடுத்தது. படிக்கும் பாகம் பாதி வில்லைக்கு ஏறிவிட்டது. ஓடும்போது குனிந்து பார்த்தால் தரை கலங்கியது. நடைபாதை விளிம்பு எங்கே என்று முழங்கால்தான் கண்டுபிடித்தது.

“இன்னொரு கட்டோட வந்தீங்கன்னா சைக்கிள் தம்பி வீட்டுக்குப் போயிடும்,” என்றாள் மனைவி.

“விழுந்தாத்தானாக்கா? நேரத்தைச் சீட்டுல எழுதிக் குடுக்கிற அந்த சைக்கிள் போட்டியில ஒரு நொடி பிசகினாலும் சைக்கிள் எனக்குத்தான்,” என்றான் மச்சான்.

“பிசகாதுடா.”

“எழுதிக் குடுங்க மாமா.”

எழுதிக் கொடுத்தார். பெருமை பிடித்த மனுஷன்.

3

பிறகு ஹாலில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறிக் குனிந்து உட்கார்ந்தார். வில்லையில் கண்மணி விழும் இடத்தில் மனைவி பேனாவால் புள்ளி வைத்தாள். அதை வைத்துச் செய்த புது வில்லையில் படிக்கும் பாகம் நகக்கண் அளவுக்கு இறங்கி அடியோரம் ஒதுங்கியது. மேலே சாலை, கீழே கைப்பிடியில் கட்டிய கடிகாரம்.

போட்டியில் வேகத்துக்குப் பரிசில்லை. சொன்ன நேரத்துக்கு வருபவருக்கே. சாம்பல் வெளிச்சத்தில் கிளம்பினார், வில்லை வெள்ளை. வெயில் ஏறியது, கறுத்தது. கடைசி மேட்டில் ஒரு கண் சாலையிலும் ஒரு கண் நொடியிலுமாக [இது மனித உடலுக்கு ஆகாது] வந்து கோட்டைத் தாண்டினார்.

கோட்டில் கடிகாரம் பிடித்தவன் மச்சான். பொத்தானை அழுத்தினான். முகத்துக்கு அருகே, தூரத்தில், மறுபடி அருகே வைத்துப் பார்த்தான். வாசிப்புக் கண்ணாடி வீட்டில்.

“இந்தா, இதைப் போடு,” என்று அவர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

“ஒண்ணும் தெரியல மாமா.”

“தலையைக் குனியாத. கண்ணை மட்டும் இறக்கு. இன்னும் கீழ.”

அவன் கண் எண்களில் போய் நின்றது. அடுத்த கணம் கட்டைவிரல் வழுக்கி, கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விட்டது.

“சரியாப் படிக்கல,” என்றான்.

மூன்று வாரமாகச் சைக்கிள் யாருக்கும் இல்லாமல் ஹாலில் பூட்டிக்கிடக்கிறது.

4

முடிவு ஒன்று: ஊரே அவரைத் தோளில் தூக்குகிறது. [தூக்கியவர் யாருமில்லை.]

முடிவு இரண்டு: மச்சான் அழுகிறான். [இல்லை.]

இதற்கு மேல் என்னால் ஆகாது. எண்பதாயிரம் மூக்கைப் பத்து லட்சமாக ஊதிப் பெருக்கியவன் நான். அந்த ஒரு நொடியை நான் எழுதினால் யார் நம்புவார்கள்? அளந்து பேசுகிறவன் எழுதட்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

[வழுக்கவில்லை. நானேதான் அழுத்தினேன். பன்னிரண்டு. சைக்கிள் மாமாவுக்கே. கண்ணாடி எனக்கும் ஒன்று வேண்டும். அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.]