அபோண்டி நிலத்து அடிபம்பு

“கேனைக் கீழ வைடீ” என்றாள் மாமியார்.

அபோண்டி வைக்கவில்லை. மஞ்சள் கேனை இடுப்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் கோபேரா ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். புது அடிபம்பு திறக்கிற நாள் அது. ஊரில் மூத்த வீட்டின் மூத்த மனைவி முதலில் அடிக்க வேண்டும், பிறகு மற்றவர்கள் வரிசைப்படி. விதைப்புக்கும் அறுப்புக்கும் உள்ள முறைதான் தண்ணீருக்கும்.

“நம்ம நிலத்துலதானே அத்தை பம்பு நிக்குது?”

“நிலம் நம்மதுதான். நீதான் இன்னும் சாவை மேல சுமந்துக்கிட்டு நிக்கிற. உன்னை ஒருத்தன் ஏத்துக்காம அந்தக் கைப்பிடியத் தொட்டா ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஆகாது.”

அந்தப் பம்புக்காக வருஷக்கணக்கில் அதிகாரிகள் வாசலில் காத்துக் கிடந்தவன் அபோண்டியின் புருஷன் ஒபுரா. ஊரில் வேறு எங்கு துளைத்தாலும் உப்பு. அவன் மக்காச்சோளக் கொல்லையில்தான் நல்ல தண்ணீர் வந்தது. துளை போட்ட வண்டி ஊரை விட்டுப் போன கையோடு, கிசுமு சாலையில் அவன் மோட்டார் சைக்கிள் மேல் லாரி ஏறிவிட்டது. தான் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு வாய் குடிக்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

புருஷனின் வகையறாவில் ஒருவன் ராத்திரி அவளோடு தங்கி ஏற்றுக்கொள்ளும்வரை விதவைமேல் சாவு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அங்கே வழக்கம். அவள் விதைக்கக் கூடாது, அடுத்த வீட்டுப் படியேறக் கூடாது. மீறினால் சிரா பிடிக்கும். சிரா பிடித்த பிள்ளை தின்னத் தின்ன மெலிந்து செத்துப்போகும். நம்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லாருமே ஒன்றிரண்டு பிள்ளைகளைப் புதைத்தவர்கள், பயந்தவர்கள். ஆனால் பயந்தவர்கள் கூடி நின்றால் கெட்டவர்களைவிடக் கொடுமை செய்துவிடுவார்கள்.

ஏற்றுக்கொள்ள ஆள் இல்லாமலா? ஒபுராவின் தம்பி ஒமொலோ தயாராக இருந்தான். பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவன்தான். அண்ணி, அண்ணி என்று அபோண்டியின் கையால் களி வாங்கித் தின்று வளர்ந்தவன். இப்போது அவன் கண் அவள்மேலும் இருந்தது, அவள் கொல்லைமேலும் இருந்தது. “உங்கண்ணன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல தம்பி, வீட்டுக்குப் போங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

தண்ணீர்க் கமிட்டித் தலைவர் ஓயூகியிடமும் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவர், ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்கிறவர். பம்பின் பூட்டுச் சாவி அவர் இடுப்பில். வேலியோரம் அவளை நிற்கவைத்தே பேசினார்.

“எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா. ஊரு நம்புதே, நான் என்ன செய்ய?”

ஊர் நம்புகிறது என்று ஓயூகி சொல்வார். வாத்தியாரே ஒன்றும் சொல்லவில்லையே என்று ஊர் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் பூட்டு மட்டும் பத்திரமாகத் தொங்கியது.

பக்கத்து வீட்டு லிடியாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் கேனில் பிடித்து வேலி இடுக்கில் வைத்துவிட்டுப் போவாள். கொஞ்ச நாள் அப்படி ஓடியது. மழை தொடங்கியதும் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது, வருஷா வருஷம் வருவதுதான். லிடியாவின் கைக்குழந்தைக்கும் வந்தது. மறுநாள் வேலி இடுக்கில் கேன் இல்லை, லிடியா மட்டும் நின்றாள்.

“உன்மேல கோவமில்லக்கா. எனக்குப் பயமா இருக்கு” என்றாள். அபோண்டி அவளைத் திட்டவில்லை. தான் அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவளுக்கே உறுதியாகத் தெரியவில்லை.

ஆறுதான் மிச்சம். மேலே மாடுகள் நிற்கும், கீழே மனிதர்கள் மொள்ளுவார்கள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தாள். மழையில் நனைந்த விறகு என்றைக்கு எரிந்ததோ அன்றைக்குக் காய்ச்சினாள். நாலு வயசுப் பெண் அவினோ தாகம் எடுத்தால் விறகு எரியும்வரை காத்திருப்பாளா? பானையில் குவளையை விட்டு மொண்டு குடித்தாள். வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது.

மருந்தகத்து நர்ஸ் உப்புப் பொட்டலங்களைக் கையில் கொடுத்து, “இதைக் கரைக்கவே நல்ல தண்ணி வேணும்மா. உங்க ஊர்லதான் பம்பு வந்துருச்சே, அந்தத் தண்ணியக் குடு, தேறிடுவா” என்றாள். அபோண்டி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். தன் கொல்லையில் பாய்கிற தண்ணீர் தனக்கு இல்லை என்பதைப் படித்த பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் படுத்திருந்த பிள்ளையின் காதில் பகல் முழுக்கப் பம்பு அடிக்கிற சத்தம் விழுந்துகொண்டிருந்தது.

அவினோவின் கன்னம் ஒட்டியது, கால் குச்சியானது. வேலியோரம் நின்று பார்த்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். “சிரா பிடிச்சிருச்சு பாத்தியா. அலேகோக்காரிக்கு வீம்புதான் பெருசு, பெத்த பிள்ளை இல்ல.” அலேகோ அவள் பிறந்த ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மாமியார் திட்டவில்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. “மகனைக் குடுத்துட்டேன். இவளையும் குடுக்கணுமாடீ?”

அபோண்டி கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தாள். கோயிலுக்குப் போகிற சில குடும்பங்களில், ஏற்பவன் போடுகிற கோட்டு ஒன்றை மட்டும் ஒரு ராத்திரி விதவை வீட்டில் தொங்கவிட்டுச் சடங்கை முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்யலாமே என்று மாமியாரை விட்டு ஒமொலோவிடம் கேட்கச் சொன்னாள். அவன் சிரித்தானாம்.

“கோட்டு வந்து கொல்லைய உழுமா?” என்றானாம்.

தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பிள்ளை அன்றைக்குத் தண்ணீர் கேட்கக்கூட வாய் திறக்கவில்லை. “வரச் சொல்லுங்க” என்றாள் அபோண்டி.

மறுநாள் காலையில் அவள் கேனோடு போனபோது பெண்கள் வழி விட்டார்கள். ஒருத்தி கேனை வாங்கிக் குழாயின் கீழே வைத்தாள். ஓயூகியின் மனைவியே கைப்பிடியை அடித்துக் கொடுத்தாள். லிடியா அவள் தோளைத் தொட்டுக்கொண்டு கண்ணீர் விட்டாள். எல்லார் கையிலும் அன்பு இருந்தது. அதைத்தான் அபோண்டியால் தாங்க முடியவில்லை.

நர்ஸ் சொன்னது பலித்தது. நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கொடுக்கக் கொடுக்க அவினோ எழுந்து உட்கார்ந்தாள், களி கேட்டாள், பிறகு கோழிக்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ஊர் பார்த்தது. சிரா விலகியதைத் தன் கண்ணாலேயே கண்டது.

அடுத்த விதைப்புக்குள் அகேலோ என்ற சின்னப் பெண்ணும் விதவையாகித் தனித்து நின்றாள். புருஷன் ஏரியில் படகோடு மூழ்கிப் போய்விட்டான். கொழுந்தன் வேண்டாம் என்று அவளும் முரண்டு பிடித்தாள். மாமியாரும் இன்னும் சில பெண்களும் அவளை அபோண்டியின் வாசலுக்கே கூட்டிவந்துவிட்டார்கள். அவள் முதுகில் கைக்குழந்தை.

“இதோ ஓடுறாளே, இவ செத்துப்போயிருக்க வேண்டியவ” என்று மாமியார் அவினோவைக் காட்டினாள். “இவ அம்மாவும் உன்ன மாதிரிதான் நின்னா. என்னிக்குச் சரின்னாளோ அன்னிக்கே பிள்ளை பொழச்சுது. நீயே சொல்லு அபோண்டி.”

அபோண்டி வாசற்படியை விட்டு இறங்கினாள்.

“என் பிள்ளை பொழச்சது தண்ணியால” என்றாள்.

“இல்லன்னு யாரு சொன்னா?” என்றாள் மாமியார், கொஞ்சமும் கோபப்படாமல். “அந்தத் தண்ணி உனக்கு எப்படிக் கிடைச்சுது? அதச் சொல்லு.”

அபோண்டி பம்பைப் பார்த்தாள். தண்ணீர் அப்படித்தான் கிடைத்தது.

மற்றவர்கள் பேசிக்கொண்டே பம்புப் பக்கம் போனார்கள். அகேலோ மட்டும் நின்றாள். ஓடுகிற அவினோவையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அருகில் வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

“ஒரு ராத்திரிதானேக்கா?”

முந்தின ராத்திரியும் அபோண்டி வீட்டில் தங்கிய ஒமொலோ, கொல்லையில் தன் மாடுகளைக் கட்டி உழுதுகொண்டிருந்தான். அபோண்டி, இல்லை என்று தலையாட்டினாள்.