பதினாலாம் தேதிக்குச் சிவப்பு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. வார இதழின் ஆசிரியர் கேட்டார்: "காதலர் தினச் சிறப்பிதழ். எழுநூறு வார்த்தை. சந்தோஷமா முடியணும். முடியுமா?"

முடியும் என்றேன். கதையின் முதல் பொய் அதுதான்.

2

முதல் தொடக்கம்: "அவள் கையில் ஒரு ரோஜா இருந்தது. அவன்"

விட்டுவிட்டேன். அவனுக்கு அடுத்துச் செய்ய வேலை எதுவும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "அந்தப் புனிதரின் தலையை வெட்டினார்கள்."

இது தேவலை. ஆனால் எதிர்ப் பக்கத்தில் சாக்லேட் விளம்பரம் வருகிறது என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார்.

[புனிதரின் பெயரை இந்தக் கதையில் எழுதமாட்டேன். கடைகளில் வேண்டிய அளவு தொங்குகிறது.]

3

கடைக்காரர்கள் அந்த நாளைக் கடவுளிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் எழுதமாட்டேன்.

ஒரு வேதசாட்சி, அதாவது தன் விசுவாசத்தை விடாததற்காக உயிரைக் கொடுத்தவர், கொல்லப்பட்டார். அவரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். [அதே பெயரில் இருவர் இருந்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.] படைவீரர்களுக்கு ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்தார் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட கதை. அவர் இறந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்து, அந்த நாளில் பறவைகள் ஜோடி சேர்வதாக யாரோ பாட்டெழுதினார்கள். பறவைகளுக்குப் பின்னால் கடிதங்கள் வந்தன. அப்புறம் அட்டைகள். அப்புறம் சாக்லேட்.

1969இல் திருச்சபையே அவரைத் தன் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. [புனிதர் பட்டியலில் இன்னும் இருக்கிறார். தேதிதான் போயிற்று.]

கோயில் கைவிட்டதைக் கடை வைத்துக்கொண்டது. இதற்குத் திருட்டு என்று பெயர் இல்லை.

4

இப்போது என் அக்கா வருகிறாள். அவளைக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது என்றிருந்தேன். வேறு வழியில்லை.

அக்காவுக்கு ஒரு மாதா கோயிலில் வேலை. பூசை வைக்கும் சாமியாரின் திருவுடைகளைத் துவைப்பது, இஸ்திரி போடுவது, காலையில் அவர் வருவதற்குள் மேசையில் அடுக்குவது. நாளுக்கு ஒரு நிறம். சாதாரண நாளுக்குப் பச்சை. புனிதர் என்றால் வெள்ளை. ரத்தம் சிந்திய வேதசாட்சி என்றால் சிவப்பு. இருபத்தாறு வருடமாக அவள் பிப்ரவரி பதினாலுக்குச் சிவப்பை எடுத்துவைக்கிறாள். அதை அணிந்துவந்த பழைய சாமியார் போன வருடம் ஓய்வு பெற்றார்.

புதியவர் நல்லவர். இதை அழுத்தி எழுத வேண்டும். கெட்டவராக எழுதினால் கதை சுலபமாகிவிடும்.

"அம்மா, பதினாலாம் தேதிக்கு வெள்ளை எடுத்து வெச்சிடுங்க. அன்னிக்கு வேற ரெண்டு புனிதருங்க. நீங்க சொல்றவர் காலண்டர்லயே இல்ல."

"கடையில எல்லாம் இருக்காரே ஃபாதர்."

"அது வேற. சாயங்காலம் ஜோடிங்களுக்கு ஆசீர்வாதம் வெச்சிருக்கேன். வாசல்ல இதய பலூன் கட்டுறாங்க. உங்க ஆசைக்கு அது போதாதா?"

"பலூன் மட்டும் சிவப்பா இருக்கலாமா?"

அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "மீறி வெச்சீங்கன்னா அலமாரிச் சாவியை வேற ஆள்கிட்ட குடுக்க வேண்டியிருக்கும்."

5

அக்கா ஏன் விடவில்லை என்று வாசகர் கேட்பார். சொல்கிறேன்.

அக்காவும் அத்தானும் கல்யாணம் செய்துகொள்ள நின்றபோது இரண்டு வீடும் கதவைச் சாத்தின. மூன்று கோயில்கள் கைவிரித்தன. நான்காவதில் பழைய சாமியார் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு பேருக்கும் சம்மதமா?" தேதி பிப்ரவரி பதினாலு. சாட்சிக்கு ஆளில்லாமல், மணியடிப்பவரும் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளும் கையெழுத்துப் போட்டார்கள். அத்தான் தையல்காரர். நன்றிக்கு அந்தச் சிவப்புத் திருவுடையைத் தைத்துக் கொடுத்தார். உள்பக்கம் ஒரு தையல் கோணலாக ஓடும்.

[ரகசியக் கல்யாணக் கதைக்கு ஆதாரமில்லை என்று மூன்றாம் பகுதியில் எழுதினேன். என் வீட்டில் இரண்டு ஆதாரங்கள் சண்டை போட்டுக்கொண்டு வாழ்கின்றன.]

6

ஒரு வரைவில் அத்தானைக் கொன்றேன். சிவப்புத் துணி, இறந்த கணவன், பிப்ரவரி. கதை தானாக எழுதிக்கொண்டது. அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன்.

"எதுக்குடா அவரைக் கொன்னே?"

"சோகம் வேணும்க்கா."

"அவர் உயிரோட இருக்கறதே எனக்குப் போதுமான சோகம். ஒரு பூ வாங்கித் தந்திருக்காரா கேளு."

உள்ளறையிலிருந்து அத்தான் குரல்: "மாப்ளே, என்னைச் சாகடிச்சாலும் பரவாயில்ல. கோணல் தையல்னு எழுதாதே. தொழில் போயிடும்."

அத்தானைப் பிழைக்கவைத்தேன். கோணலை விட்டுவைத்தேன்.

7

இனி வேலையின் ஒரு நுணுக்கம். திருவுடைகளை அணியும் வரிசைக்குத் தலைகீழாக அடுக்குவார்கள். கடைசியாக அணியும் நிற உடுப்பு அடியில். அதன்மேல் தோளில் தொங்கவிடும் அதே நிற நீளப் பட்டை, இடுப்புக் கயிறு, நீண்ட வெள்ளை அங்கி, எல்லாவற்றுக்கும் மேலே கழுத்துத் துணி. நன்றாக மடித்தால் அடியிலிருப்பதன் நிறம் தெரியாது.

இதைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவு எழுதினேன். சாமியார் வெள்ளை அங்கியை அணிந்து, கயிற்றைக் கட்டி, குனிகிறார். சிவப்பு. வெளியே மணி அடித்துவிட்டது. அலமாரி பூட்டியிருக்கிறது. வேறு வழியில்லாமல்

அக்கா அந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன திருடியா?"

"சாமர்த்தியம்க்கா."

"ஒளிச்சு வெச்சு போடவைக்கிறதா? எங்களுக்கு அந்த மனுஷன் ஒளிஞ்சுகிட்டா கல்யாணம் பண்ணி வெச்சாரு? கதவெல்லாம் திறந்து வெச்சுத்தான் பண்ணாரு. வர்றவன் வரட்டும்னாரு." காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "சிவப்பை மேல வைக்கப்போறேன். எல்லாத்துக்கும் மேல. அதுக்கு மேல சாவி."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"அவர் இந்த இதழ் வாங்குறவர்க்கா. முன்னாடியே படிச்சிடுவார்."

"நல்லாப் படிக்கட்டும். எழுத்துப் பிழை இல்லாம எழுது."

8

ஆசிரியர் அழைத்தார். "முடிவு எங்கே?"

"பதினாலாம் தேதி காலையில தெரியும்."

"இதழ் பன்னெண்டாம் தேதியே கடைக்கு வந்துடுமே."

"வரட்டும்."

"சந்தோஷமா முடியணும்னு கேட்டேன்."

"பயமில்லாம முடியுது. அதை வெச்சுக்கோங்க."

9

ஆக, மேசை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக வரிசை தப்பிய அடுக்கு. மேலே சிவப்பு, சிவப்பின்மேல் சாவி. அக்கா பக்கத்தில் நிற்கிறாள். கைகட்டி நிற்கவில்லை.

காலடிச் சத்தம் கேட்கிறது. சாமியாரின் கையை நான் எழுதமாட்டேன். அவர் சார்பில் நீங்கள் உள்ளே வாருங்கள். சிவப்பை அணிவதென்றாலும் அவளை வேலையைவிட்டு அனுப்புவதென்றாலும் முதலில் சாவியைத்தான் தூக்க வேண்டும்.

தூக்குங்கள். அதை யார் கையில் கொடுப்பது என்பது உங்கள் பாடு. அவள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.