நலப்பாதையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள்

மனிதன் நோயால் சாவதில்லை; நடக்க மறந்ததால்தான் சாகிறான். நடப்பவன் உடம்பில் எந்தக் கிருமியும் குடியேறாது. உலகத்து வைத்தியர்கள் காலம் காலமாகத் தேடிய உண்மை இதுவே. இப்படி, ஊருக்கு வெளியே, மலையேறும் சிமென்ட் படிகளான நலப்பாதையின் அடிவாரத்தில், லாரி உயரப் பலகையில் பச்சை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

எழுதிக் கொடுத்தவர் டாக்டர் சாரியார். நல நடை நாளன்று விடியலில் அவர் கம்பளிகளுக்குள் சுருண்டு பல் கிட்டித்துக் கிடந்தார். மனைவி ஒகுல்நபாத் இரும்புக் கரண்டியில் நோய் விரட்டும் யுசார்லிக் மூலிகையைப் புகையவிட்டு அவர் தலையைச் சுற்றினாள். புகை அவருக்கு இருமலைத்தான் கொடுத்தது.

"காய்ச்சல் முப்பத்தொம்பது டிகிரியைத் தாண்டியாச்சு. இந்த உடம்போட மலை ஏறப் போறீங்களா?"

"தெர்மாமீட்டர் பழசு. கூடத்தான் காட்டும்."

"நேத்து எனக்குச் சரியாத்தானே காட்டுச்சு."

சாரியார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

"நெஞ்சுல நாய் உறுமுற மாதிரி கேக்குது," என்றாள் அவள். "வேற யாராச்சும் இப்படி வந்து படுத்தா என்ன சொல்வீங்க?"

"நடன்னு சொல்வேன்."

"அது பலகைக்கு. பொண்டாட்டிக்குச் சொல்லுங்க."

சாரியார் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "படுக்கச் சொல்வேன்," என்றார். பிறகு, "பச்சைக் கால்சட்டை எங்க?" என்றார். "நான் போகலேன்னா என் இடத்துல நெப்பெஸ் நிப்பான். ஒரு தடவை நின்னுட்டான்னா அந்த இடம் அவனுக்குப் பழகிடும்."

விஷயம் அதுதான். மாகாணச் சுகாதாரத் துறைக்குச் சாரியார் தற்காலிகத் தலைவர். அந்தத் 'தற்காலிக'த்தை எடுப்பதா, ஆளையே எடுப்பதா என்று நல மாதம் முடிந்ததும் ஹாக்கிம் முடிவு செய்வார். மாகாணத்துக்கே தலைவரான ஹாக்கிம் தும்மினால் எல்லா அலுவலகத்திலிருந்தும் கைக்குட்டை நீளும். சாரியாருக்கு அடுத்த படியில் இருந்த நெப்பெஸ், கைக்குட்டையை மடித்துத் தயாராகவே வைத்திருப்பவன்.

காய்ச்சல் வந்ததும் நல நடையால்தான். பனியும் மழையும் கலந்து கொட்டிய வாரத்தில், எல்லா அலுவலகத்தாரையும் தினமும் மலையேற்றி ஒத்திகை பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு நெஞ்சுச் சளி. ஆனால் நல மாதத்தில் எந்த மருத்துவமனையும் நோய் விடுப்புச் சீட்டு கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தது. போட்டவர் சாரியார். ஆகவே மாகாணத்தில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. அவருக்கும் இல்லை.

மலையடிவாரத்தில் எல்லோரும் ஒரே பச்சையில் பதவி வாரியாக நின்றார்கள். தலைவனை முந்தி நடக்கக் கூடாது, அவன் உட்காரும் முன் உட்காரக் கூடாது. பாலைவனத்தில் கூடாரம் போட்ட காலத்திலிருந்து வரும் மரியாதை அது. சிமென்ட் படிக்கு வந்த பிறகு இன்னும் கெட்டியாகிவிட்டது. ஓர் ஆம்புலன்ஸும் கழுவித் துடைத்துக் கொடி கட்டி நின்றது. வரிசையில் ஆள் குறைந்ததால் அதன் ஓட்டுநரும் நர்சும் கடைசியில் பச்சை உடுத்தி நின்றார்கள்.

"சாரியார் அகா, முகம் செக்கச் செவேல்னு இருக்கே. மாப்பிள்ளைக் களை," என்றான் பின்னால் நின்ற நெப்பெஸ்; 'அகா' என்றால் அங்கே அண்ணன்.

"காலையில கொஞ்சம் ஓடிட்டு வந்தேன்."

"ஓடிட்டா? அப்ப இந்த இருமல்?"

"தொண்டையில தூசி."

"எனக்கும் அதே தூசிதான் அகா," என்று நெப்பெஸ் கைமுட்டிக்குள் இருமினான். "எனக்கு வயசு கம்மி, தாங்குது. உங்களை நினைச்சாத்தான் மனசு கேக்கல."

ஹாக்கிம் பாய்ராம்கெல்தி காரிலிருந்து இறங்கினார். கனத்த உடம்பு, கனத்த மீசை. போன மாதம் அவர் தலைநகரில் நெஞ்சு வலியோடு படுத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே யாருக்கும் தெரியாது. உச்சியில் டெலிவிஷன்காரர்கள் காத்திருந்தார்கள். நடை தொடங்கியது.

பாட்டும் தொடங்கியது. பாடும்போது இருமினால் வெளியே தெரியாது என்று ஒத்திகையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கு நாட்டுப்பற்று மலை முழுக்க எதிரொலித்தது. சாரியாருக்குப் படிகள் மெத்தை போல அமுங்கின. முதுகில் ஓடிய வேர்வை காற்றில் உறைந்தது. மூச்சை இழுத்தால் விலாவில் ஊசி இறங்கியது.

பாதி மலையில் ஹாக்கிம் நின்றார். மலையே நின்றது.

"டாக்டர், களைப்பா இருந்தா சொல்லு. நிக்கலாம். வெக்கப்படாதே."

"களைப்பா? உங்க பின்னாடி வந்தா வயசு குறையுது ஹாக்கிம் அகா."

புகழ்ச்சியைக் கேட்ட முகமாக அது இல்லை. ஹாக்கிம் மேலே ஏறினார். அடுத்த வளைவுக்குள் மறுபடியும் நின்றார்.

"நிஜமாவே ஒண்ணுமில்லையா? உன் முகம் சரியில்லையேப்பா. ஒரு வார்த்தை சொல்லு, போதும். உனக்காக எல்லாரும் உக்காருவோம்."

குரல் கெஞ்சியது. தலைவராகும் முன் பல வருஷம் மற்றவர்கள் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டவர் சாரியார். சாம்பல் பூத்த நெற்றியும், குளிர்காற்றில் முத்து முத்தாக நின்ற வேர்வையும், இடது தோளை மெல்லப் பிசைந்த கையும் அவருக்குப் புரியாமல் இல்லை. ஹாக்கிம் தன்னிடம் ஒரு நோயைப் பிச்சை கேட்கிறார் என்றும் புரிந்தது. பெரியவர் நிற்க வேண்டுமானால் சின்னவன் ஒருவன் விழ வேண்டும். விழுவதற்குத் தேவையான காய்ச்சலும் அவரிடம் தாராளமாக இருந்தது.

பின்னால் நெப்பெஸ் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கென்ன அகா," என்றார் சாரியார். "இதுக்கு மேல இன்னொரு மலை இருந்தாலும் ஏறுவேன்."

"அப்படியா," என்றார் ஹாக்கிம். மறுபடி ஏறத் தொடங்கினார்.

வளைவைத் தாண்டினால் கீழே பழைய கல்லறைத் தோட்டம் தெரியும். கல்லறையைக் கடந்தால் கையேந்தி வேண்டிக்கொண்டு உள்ளங்கையால் முகத்தை வழித்துக்கொள்வது அந்த ஊரில் எல்லோரும் செய்வது; பஸ் ஓட்டுகிறவன்கூட ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் செய்வான். அந்த இடத்துக்கு வந்ததும் ஹாக்கிம் சட்டென்று மண்டியிட்டார். இரண்டு கைகளையும் முன்னால் ஏந்தினார். பிறகு தலை தாழ்ந்தது. தோள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தது.

அவர் உட்கார்ந்ததும், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை மலை முழுவதும் உட்கார்ந்தது. எல்லாக் கைகளும் ஏந்தின. கண்கள் மூடின.

"செத்தவங்களுக்காக மண்டி போடுறாரு பாரு," என்று யாரோ முணுமுணுத்தார்கள். "மனுஷன்னா இவருதான்."

நெப்பெஸ் முந்திக்கொண்டு உரக்க ஓதத் தொடங்கினான். அவனுக்குத் தெரிந்தது வேதத்திலிருந்து சின்னதாக ஓர் அத்தியாயம். அது தீர்ந்ததும் முதலிலிருந்து ஓதினான். வேண்டுதலை யார் தொடங்கினாலும் முடிப்பவர் பெரியவர். அவர் முகத்தை வழித்த பிறகே மற்றவர்கள் வழிக்கலாம். ஹாக்கிம் வழிக்கவில்லை.

சாரியார் அரைக்கண்ணால் பார்த்தார். ஹாக்கிமின் உதடு நீலம் பாரித்திருந்தது. காது மடலிலும் அந்த நிறம். எழுந்து, மனிதரை மல்லாத்தி, சட்டையைக் கிழித்து, நெஞ்சை அழுத்த வேண்டும். 'இது வேண்டுதல் இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்ன பிறகு ஹாக்கிம் நிமிர்ந்து முகத்தை வழித்துக்கொண்டால்? நல மாதத்தில், நலப்பாதையில், மாகாணத் தலைவருக்கு நோய் என்று கத்தியவன் என்று நெப்பெஸ் ஊரெல்லாம் சொல்வான். இந்த ஓதல் முடியட்டும், எழுந்துவிடலாம் என்று நினைத்தார் சாரியார்.

ஓதல் முடிந்து மறுபடி தொடங்கியது.

வெயில் ஏறி, கல் இளஞ்சூடாக இருந்தது. ஒரு வாரமாக மலையேறிய சாரியாரின் கால்கள் மடங்கி ஓய்ந்திருந்தன. முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர். காதுக்குள் நெப்பெஸின் குரல் தாலாட்டுப் போல எங்கோ போய் எங்கோ வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை, என்று நினைத்துக்கொண்டார்.

ஹாக்கிம் பக்கவாட்டில் சரிந்து படியில் உருண்டபோதுதான் நெப்பெஸ் ஓதுவதை நிறுத்தினான்.

"டாக்டர்," என்று யாரோ கூப்பிட்டார்கள். பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கடைசி வரிசையிலிருந்து கீழே ஓடினான்; சாவி பச்சைச் சட்டையில் இல்லை, வீட்டில் கழற்றிப்போட்ட சட்டையில் இருந்தது. "டாக்டர் சாரியார்," என்று மலை முழுக்கக் கேட்டது.

ஏந்திய கைகள் மடியில் அப்படியே இருக்க, வாய் திறந்து, டாக்டர் சாரியார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.